சிறந்த பாயிண்ட் கார்ட் யார்? பந்து கையில் இல்லாதபோதும் ஒருவர் பாயிண்ட் கார்ட்தானா?

நடுக்கோடு (இழையைத் தொடங்கியவர்):

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் வரலாற்றில் மிகச் சிறந்த பாயிண்ட் கார்ட் யார் என்ற கேள்வியை எங்கே கிளப்பினாலும், பேச்சு மேஜிக் ஜான்சன், ஸ்டீபன் கரி என்ற இரண்டு பெயர்களில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஆகவே முதலில் அந்த வேலை எது என்பதை வரையறுத்துவிட்டுப் பட்டியல் போடலாம் என்று நினைக்கிறேன். பந்தை எதிரணியின் பாதிக்குக் கொண்டுவந்து, எந்த ஆட்டமுறையைத் தொடங்குவது என்று முடிவெடுத்து, மற்ற நால்வருக்கும் அவரவர் விரும்பும் இடத்தில் விரும்பும் நொடியில் பந்தைச் சேர்ப்பவரே பாயிண்ட் கார்ட். புள்ளி எடுப்பது அவருக்குக் கூடுதல் தகுதிதான். அடிப்படைத் தகுதி அன்று.

இந்த வரையறையின்படி என் வரிசை மேஜிக் ஜான்சன், ஆஸ்கார் ராபர்ட்சன், ஸ்டீபன் கரி, ஐசையா தாமஸ், ஜான் ஸ்டாக்டன். மேஜிக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே 1980 இறுதித்தொடரின் ஆறாவது ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். கணுக்கால் காயத்தால் மேஜிக்கின் லேக்கர்ஸ் அணியின் சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமானவர்) கரீம் அப்துல் ஜாபர் பிலடெல்பியாவுக்கே வர முடியாத நிலையில், இருபது வயது நிரம்பிய புதுமுகம் ஒருவர் நடுவட்டத்தில் சென்டராக நின்று, 42 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் (தவறிய எறிதலைக் கைப்பற்றுவது) 7 அசிஸ்டுகளும் (சக வீரர் கூடையில் போடும்படி பந்து கொடுப்பது) எடுத்துக் கோப்பையைக் கைப்பற்றினார். அருமையான கதை. ஆனால் அது அவர் பாயிண்ட் கார்டாக ஆடாத ஆட்டம் என்பதால் அதை நான் சான்றாகக் கொள்ள மாட்டேன். ஆட்டத்துக்கு சராசரி 11.2 அசிஸ்ட் என்ற, இன்றுவரை எவரும் எட்டாத கணக்கும், ஐந்து கோப்பைகளும் எனக்குப் போதும்.

கரியை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் ஒன்றே. அவர் தம் உச்சத்தில் ஆடும் நேரத்தில் பந்து பெரும்பாலும் சக வீரர் டிரேமண்ட் கிரீனின் கையில் இருக்கிறது. பாயிண்ட் கார்ட் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆடும்போதே ஒருவர் மிகச் சிறந்து விளங்குகிறார் என்றால், அவரை எப்படி அந்த வேலையின் தலைமகனாகச் சொல்வது?

எண்கணக்கன்:

நண்பர் நடுக்கோடு 1980 ஆட்டத்தை ஒதுக்கியது நியாயமே. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: 1983-இல் சக வீரர் நார்ம் நிக்சன் வேறு அணிக்கு மாற்றப்படும் வரை, பந்தைக் கொண்டுவரும் பொறுப்பை மேஜிக் அவரோடு பகிர்ந்துகொண்டே ஆடினார். அவருடைய முதல் இரண்டு கோப்பைகளும் அந்தக் காலத்தவை.

என் தயக்கம் இரண்டாம் இடத்தைப் பற்றியது. 1961-62 பருவத்தில் ஆஸ்கார் ராபர்ட்சன் ஆட்டத்துக்கு 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஏறத்தாழ 107 முறை கூடையை நோக்கி எறிந்தது. பாதிக்கும் மேற்பட்டவை தவறின. தவறிய ஒவ்வொன்றும் யாராவது எடுத்தாக வேண்டிய ரீபவுண்ட். ஓர் அணிக்கு எழுபதுக்கு மேல் ரீபவுண்டுகள் கிடைத்த காலத்தில் 12.5 என்பதும், நாற்பத்துச் சொச்சம் கிடைக்கும் இக்காலத்தில் 12.5 என்பதும் ஒரே எடையுள்ளவை அல்ல. அதே பருவத்தில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி எடுத்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஆண்டின் எண்களை அப்படியே தூக்கி இன்றைய தராசில் வைக்கக் கூடாது என்பது விளங்கும். 2016-17-இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 31.6, 10.7, 10.4 என்று எடுத்தபோது ஓர் அணிக்கு ஏறத்தாழ 85 ஷாட்டுகளே இருந்தன. எண்களை மட்டும் வைத்து ஆஸ்காரை இரண்டாவதாக வைத்தால், வெஸ்ட்புரூக்கை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அவர் உங்கள் ஐவரில் இல்லவே இல்லை.

பழைய பலகை:

தம்பி எண்கணக்கன் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அசிஸ்ட் கொடுப்பதில் கணக்கர்கள் கஞ்சத்தனமாக இருந்தார்கள். பந்தைப் பெற்றவர் ஒருமுறை தரையில் தட்டிவிட்டு எறிந்தாலே பல அரங்குகளில் அது அசிஸ்டாகக் கொள்ளப்படவில்லை. இன்றோ பந்தைப் பெற்றவர் இரண்டடி எடுத்து, ஒருவரை ஏமாற்றி, அதன் பின் கூடையில் போட்டாலும் கொடுத்தவர் கணக்கில் ஏறிவிடுகிறது. வேகமான ஆட்டம் என்பதற்காக ரீபவுண்டைக் குறைக்கிறீர்கள் என்றால், கறாரான கணக்கு என்பதற்காக அசிஸ்டைக் கூட்டவும் வேண்டும்.

அதைவிட முக்கியமானது அவர் ஆடிய விதம். 6 அடி 5 அங்குல உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் கொண்ட ஆஸ்கார், தம்மைத் தடுப்பவருக்குத் தம் முதுகையும் இடுப்பையும் கொடுத்து, பந்தை எதிர்ப்பக்கக் கையில் காத்துக்கொண்டு, அவரை அரை அடி அரை அடியாகக் கூடைப் பக்கம் தள்ளிக்கொண்டே போவார். பதினைந்து அடியில் ஷாட் கிடைக்குமென்றால் பன்னிரண்டு அடி வரை போவார்; பன்னிரண்டு கிடைத்தால் பத்தைத் தேடுவார். இரண்டாவது ஆள் உதவிக்கு வந்த கணமே பந்து வேறொருவர் கையில் இருக்கும். அவசரம் என்பதே அவரிடம் கிடையாது. இன்று லூக்கா டான்சிச் தோளைக் கொடுத்து மெதுவாக உள்ளே நுழைவதைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பாட்டையை வெட்டியவர் சின்சினாட்டி ராயல்ஸில் பத்தாண்டுகள் கோப்பை இல்லாமல் ஆடியவர் என்பது எனக்கு நினைவு வரும். 1971-இல் மில்வாக்கியில் இளம் கரீமுடன் சேர்ந்த முதல் பருவத்திலேயே கோப்பை வந்தது.

பாப் கூசி உங்கள் ஐவரில் இல்லாததில் எனக்கு வருத்தம் உண்டு, வியப்பு இல்லை. அவருடைய எறிதல் விழுக்காடு 37.5. இன்று அந்த எண்ணோடு யாரும் களத்தில் நீடிக்க முடியாது. ஆனால் தொடர்ந்து எட்டுப் பருவங்கள் அசிஸ்டில் முதலிடம், ஆறு கோப்பைகள், 1957-இன் சிறந்த வீரர் விருது ஆகியவற்றை அள்ளிய அந்த மனிதரை, பாஸ்டன் விரும்பிக்கூட எடுக்கவில்லை. 1950-இல் சிகாகோ ஸ்டாக்ஸ் அணி கலைந்தபோது எஞ்சிய மூன்று வீரர்களின் பெயர்களைத் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள்; பாஸ்டனின் கைக்கு வந்த சீட்டில் கூசியின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் பந்தைக் கைமாற்றுவதும், ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபக்கம் கொடுப்பதும் அவர் காலத்தில் வித்தை காட்டுவதாகக் கருதப்பட்டன. இன்று பள்ளிப் பிள்ளைகள் செய்கிறார்கள்.

இடதுகைக்காரி:

மூவர் எழுதியதையும் படித்தேன். நடுக்கோடு அவர்களின் வரையறையிலேயே என் மறுப்பு தொடங்குகிறது. "விரும்பும் இடத்தில் விரும்பும் நொடியில் பந்தைச் சேர்ப்பவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். பந்து எப்படிச் சேர்கிறது என்பதற்கு முன்னால், அந்த இடம் எப்படிக் காலியாகிறது என்பதையல்லவா கேட்க வேண்டும்?

கரியின் அணியான வாரியர்ஸின் ஆட்டம் ஒன்றை ஓடவிட்டு, பந்தைப் பார்க்காமல் கரியை மட்டும் பாருங்கள். அவர் நடுக்கோட்டைத் தாண்டியதும் பந்தை கிரீனிடம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தவரைப் போல இரண்டு எட்டு நடக்கிறார். திடீரென்று வளையத்தின் அடிக்கு ஓடி, அங்கே நிற்கும் இரண்டு பெரிய உடல்களைச் சுற்றிக்கொண்டு, மூலையை நோக்கி வெளியேறுகிறார். அவரைத் தடுப்பவர் அந்த உடல்களில் மோதிப் பின்தங்குகிறார். உடனே கிரீனின் பக்கத்தில் இருந்தவரோ வளையத்தின் அடியில் இருந்தவரோ ஓரடி கரியின் பக்கம் சாய்கிறார். அந்த ஓரடிதான் எல்லாம். கரிக்கு ஸ்கிரீன் கொடுத்து (தடுப்பவரின் வழியை உடலால் மறித்து) நின்றவர் சட்டென்று திரும்பி வளையத்தை நோக்கி ஓட, கிரீன் பந்தை உயர்த்திப் போட, ஆளில்லாத இடத்தில் இரண்டு புள்ளிகள் விழுகின்றன. ஏட்டில் கிரீனுக்கு ஓர் அசிஸ்ட். கரியின் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. அவர் பந்தைத் தொட்டு ஏழெட்டு நொடிகள் ஆகியிருக்கும்.

இதை நான் பாயிண்ட் கார்டின் வேலை என்கிறேன். எதிரணியின் ஐவரையும் தப்பான முடிவெடுக்க வைப்பவர் அவர். மற்றவர்கள் பந்தோடு செய்ததை இவர் கால்களால் செய்கிறார். கூடையிலிருந்து முப்பது அடியில் நிற்கும் ஒருவரை இருவர் தடுக்க வேண்டியிருந்த நிலை அவருக்கு முன்னால் இருந்ததில்லை. 2015-16-இல் அவர் போட்ட 402 மூன்று புள்ளி எறிதல்களை வெறும் எறிவீரரின் சாதனையாகப் பார்க்கக் கூடாது. அதற்கு முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதே. ஒரே தாவலில் இத்தனை உயர்ந்தால், எதிரணிகள் நிற்கும் இடமே மாறிப்போகிறது; அப்படி மாறும்போது மற்ற நால்வருக்கும் பாதை திறக்கிறது.

பந்து கையில் இருந்தால் என்ன செய்வார் என்பதற்கு 2022 இறுதித்தொடரின் நான்காவது ஆட்டத்தைப் பாருங்கள். பாஸ்டன் 2-1 என்று முன்னிலையில், சொந்த அரங்கில். நம் ஊரில் காலை ஆறரை மணி. அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டு நான் நின்றுகொண்டே பார்த்த ஆட்டம் அது. 43 புள்ளி, 10 ரீபவுண்ட். அந்த இரவு தோற்றிருந்தால் தொடரே கைவிட்டுப் போயிருக்கும்.

நடுக்கோடு:

நீங்கள் விவரித்த அந்த ஓரடிச் சாய்வை நான் மறுக்கவில்லை. என் வரையறை பந்தோடு மிக இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கட்டை முழுவதும் அவிழ்த்துவிடத் தயங்குகிறேன். ஆட்டம் இறுகி, ஓட்டங்களும் ஸ்கிரீன்களும் எடுபடாமல், யாராவது ஒருவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தே ஆகவேண்டிய ஐந்து நிமிடங்கள் வரும். 2016 இறுதித்தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவை வந்தன. கரி 19 முறை எறிந்து 6 போட்டார்; அசிஸ்ட் இரண்டே இரண்டு. நான்காம் கால்பகுதியில், சாதாரணமாகக் கொடுத்திருக்க வேண்டிய பந்தை முதுகுக்குப் பின்னாலிருந்து வீசி, அது எவர் கையிலும் படாமல் எல்லைக்கு வெளியே போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 3-1 என்று முன்னிலை பெற்றிருந்த, அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களை வென்ற அணி, 93-89 என்று தோற்றது.

இடதுகைக்காரி:

பார்த்தேன், மறக்கவும் இல்லை. அதே தராசில் 1984 இறுதித்தொடரையும் வைப்போமா? இரண்டாவது ஆட்டத்தில் புள்ளிகள் சமமாக இருக்க, மேஜிக் பந்தைத் தட்டிக்கொண்டே நின்று, ஷாட்டே எடுக்காமல் நேரத்தைக் கரையவிட்டார். கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் தோற்றது. நான்காவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதல்கள்) தவறவிட்டார். தொடர் 4-3 என்று பாஸ்டனுக்குப் போனது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தே ஆகவேண்டிய நிமிடங்கள் என்றீர்களே, அவை மேஜிக்கையும் விட்டுவைக்கவில்லை.

எண்கணக்கன்:

இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் தோல்விகளைத் தோண்டி எடுப்பதற்குள் ஸ்டாக்டனைப் பற்றி நான்கு வரி எழுதிவிடுகிறேன். 19 பருவங்கள், ஒரே அணி, எல்லாம் சேர்த்து விடுபட்டவை 22 ஆட்டங்கள். 15,806 அசிஸ்டும் 3,265 பந்துப் பறிப்பும் இரண்டுமே வரலாற்றில் முதலிடம். இவற்றில் முதல் எண்ணை நெருங்க ஒருவர் ஆட்டத்துக்குப் பத்து அசிஸ்ட் வீதம், ஓர் ஆட்டம்கூட விடாமல், பத்தொன்பது பருவங்களுக்கு மேல் ஆட வேண்டும்.

கார்ல் மலோனோடு அவர் ஆடிய பிக் அண்ட் ரோல் எல்லா அணிகளுக்கும் தெரிந்த ஒன்றுதான்; தெரிந்தும் தடுக்க முடியவில்லை. மலோன் வந்து ஸ்கிரீனாக நிற்பார், ஸ்டாக்டன் அவர் தோளை உரசிக்கொண்டு கடப்பார், இரண்டு தடுப்பாளர்களுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி தோன்றும், பந்து அதன் வழியே தரையில் ஒருமுறை பட்டு மலோனின் ஓடும் கைகளில் போய் உட்காரும். அலங்காரம் எதுவும் இல்லை. அவரை ஐந்தாவதாக வைப்பதற்கு ஒரே காரணம் கோப்பை இல்லாததுதான் என்றால், 1997-லும் 1998-லும் எதிரே நின்றது ஜோர்டானின் சிகாகோ என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

கிறிஸ் பாலைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பருவக் கணக்கில் அவர் ஸ்டாக்டனுக்கு இளைத்தவர் அல்லர். ஆனால் 2021 இறுதித்தொடரில் 2-0 என்று முன்னிலை பெற்றும் மில்வாக்கியிடம் தோற்றது அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்கு அவர் ஆறாவது.

சுண்டுவிரல்:

இந்த இழையில் ஐசையா தாமஸை ஒருவர் நான்காவதாக எழுதிவிட்டு அப்புறம் அவர் பக்கமே திரும்பவில்லை. டெட்ராய்ட் அணியின் ரசிகர்களுக்கு இது பழகிப்போன நடத்தைதான்.

மேஜிக்குக்கு 6 அடி 9 அங்குலம். எதிரணித் தடுப்பாளர்களின் தலைக்கு மேல் பார்த்துப் பந்து கொடுக்கலாம். ஐசையாவுக்கு 6 அடி 1 அங்குலம். அவர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமென்றாலும் முதலில் ஒருவரைக் கடந்தாக வேண்டும். 1988 இறுதித்தொடரின் ஆறாவது ஆட்டத்தில் மூன்றாம் கால்பகுதியின் நடுவே கணுக்கால் பிசகிக் கீழே விழுந்தவர், நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, அந்தக் கால்பகுதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்தார். ஒற்றைக் காலில் குதித்துத் தூக்கிப் போட்டதும், மூலையிலிருந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்துகொண்டே எறிந்ததும் இன்றும் காணொளியில் கிடைக்கின்றன. கோப்பைக்கு டெட்ராய்ட் ஓர் எட்டுத் தொலைவில் நின்ற அந்த ஆட்டம், பதினான்கு நொடிகள் இருக்கையில் கரீமுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு ஃபவுலால் 103-102 என்று லேக்கர்ஸ் பக்கம் போனது. அந்த ஃபவுலைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இழை முடியாது.

அதைவிட நான் பெரிதாகக் கருதுவது வேறு. 1984-85-இல் ஆட்டத்துக்கு 13.9 அசிஸ்டும் இருபதுக்கு மேல் புள்ளிகளும் எடுத்தவர், 1989-லும் 1990-லும் கோப்பை வென்ற பருவங்களில் 18 புள்ளி, எட்டு ஒன்பது அசிஸ்ட் என்று இறங்கியிருந்தார். வயது காரணம் அல்ல. அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஜோ டூமார்ஸும் வின்னி ஜான்சனும் தத்தம் நேரத்தில் புள்ளி எடுக்கட்டும் என்று இவர் தம் பங்கைக் குறைத்துக்கொண்டார். தம் எண்களைச் சுருக்கிக் கோப்பை வாங்கியவரை, எண்களை வைத்து எடை போடுகிறீர்கள்.

1987-இல் பாஸ்டனுக்கு எதிராக அவர் வீசிய பந்தை லாரி பேர்ட் பாய்ந்து பறித்ததை யாரும் நினைவூட்ட வேண்டாம். எங்களுக்கு அது நன்றாகவே நினைவிருக்கிறது.

பழைய பலகை:

உயரத்தைப் பற்றி சுண்டுவிரல் சொன்னதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த உயரம் மேஜிக்குக்குத் தடுப்பாட்டத்தில் சுமையாகவும் இருந்தது. எதிரணியின் விரைவான சிறு கார்டுகளைத் தடுக்கும் பொறுப்பு மைக்கேல் கூப்பர் போன்றவர்களுக்குப் போனது. இருபுறமும் முழுமையான பாயிண்ட் கார்ட் வேண்டுமென்றால் நியூயார்க்கின் வால்ட் பிரேசியரைத்தான் சொல்ல வேண்டும். 1970 இறுதித்தொடரின் ஏழாவது ஆட்டத்தை எல்லாரும் காயத்தோடு நொண்டி வந்த வில்லிஸ் ரீடின் ஆட்டமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். ரீட் எடுத்தது 4 புள்ளி. பிரேசியர் எடுத்தது 36 புள்ளியும் 19 அசிஸ்டும். இறுதித்தொடர் விருது ரீடுக்குப் போனது.

நடுக்கோடு:

பிரேசியரை நான் தவறவிட்டது குறைதான். ஐவர் என்ற எல்லையை நானே போட்டுக்கொண்டதால் அவரை நுழைக்க இப்போது இடமில்லை.

இடதுகைக்காரியின் பதிவுக்குப் பிறகு வாரியர்ஸ் ஆட்டங்கள் இரண்டை அவர் சொன்னபடியே, பந்தை விட்டுவிட்டுப் பார்த்தேன். என் பட்டியலில் கரி இரண்டாம் இடத்துக்கு வருகிறார், ஆஸ்கார் மூன்றாமிடத்துக்கு. இந்த மாற்றத்துக்கு எண்கணக்கனின் 107 ஷாட்டுகள் காரணமில்லை. பழைய பலகை ஐயாவின் அசிஸ்ட் வாதம் அதை ஏறக்குறைய சரிக்கட்டிவிட்டது. ஆஸ்கார் இருந்த ஆட்டத்தை அவரளவு நேர்த்தியாக ஆடியவர் இல்லை. கரிக்குப் பின் எதிரணிகள் நிற்கும் இடமே வேறாகிவிட்டது. அதுவே காரணம்.

முதலிடத்தை மாற்றவில்லை. 1986-87-இல் பயிற்சியாளர் பாட் ரைலி, அதுவரை கரீமைச் சுற்றி ஓடிய தாக்குதலை மேஜிக்கின் கையில் மாற்றிக் கொடுத்தார். தம் எட்டாவது பருவத்தில், வேறொருவரின் ஆட்டத்தை நடத்திக்கொடுத்துப் பழகிய ஒருவர் 23.9 புள்ளியும் 12.2 அசிஸ்டும் எடுத்து முதன்முறையாகச் சிறந்த வீரர் ஆனார். அந்த ஆண்டின் இறுதித்தொடர், பாஸ்டன் கார்டனில் நான்காவது ஆட்டம், லேக்கர்ஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. பந்து இடப்பக்கம் மேஜிக்கிடம் வருகிறது. எதிரே கெவின் மெக்ஹேல். மேஜிக் முதலில் வெளியிலிருந்து எறிவது போலத் தலையை உயர்த்திப் பார்க்கிறார். பிறகு நடுப்பகுதியை நோக்கிக் குறுக்கே தட்டிக்கொண்டு போகிறார். ராபர்ட் பாரிஷும் மெக்ஹேலும் சேர்ந்து எழும்ப, கரீமிடம் பார்த்துக் கற்ற அந்தக் கொக்கி எறிதலை அவர்கள் விரல்நுனிக்கு மேலாக அனுப்புகிறார். 107-106. மூன்றாண்டுகளுக்கு முன் அதே பாஸ்டனுக்கு எதிராக நேரத்தைக் கரையவிட்டவர் இவரேதான். 2016-க்குப் பின் கரிக்கும் மூன்று கோப்பைகள் வந்தன என்று இடதுகைக்காரி உடனே எழுதுவார், எழுதட்டும். அவற்றுள் இரண்டு கெவின் டுரான்ட் அணியில் இருந்தபோது வந்தவை என்பதை நானும் எழுதுவேன்.

என் பட்டியலை இப்படித் திருத்திக்கொள்கிறேன். நான்கும் ஐந்தும் மாறவில்லை.

எண்கணக்கன்:

ஐசையாவின் மொத்த அசிஸ்ட் 9,061. ஸ்டாக்டனைவிட 6,745 குறைவு. இன்னும் நான்காவதுதானா?

சுண்டுவிரல்:

கோப்பைகளையும் அப்படியே கழித்துக் காட்டுங்கள்.